கோபுரத்தில் புகை

ரொட்டிக்காரன் நார்தோவைக் கோட்டைச் சிறையில் போட்ட பிறகும் மொந்தெரோவோவில் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வாசலில் கூடி, "அப்ப ரொட்டிக்கு என்ன வழி?" என்று மட்டும் கேட்டார்கள்.

"நேசம் வேணாம் அம்மணி, பயம்தான் வேணும்," என்றார் செயலர் தத்தேயோ, கோட்டையை ஆளும் விதவை ஓர்சினாவிடம். அவர் ரோமாபுரிச் சரித்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். "புருஷன் போன பொம்பளை ஆள்ற ஊருன்னு பக்கத்துக் கோமகன் நாக்கைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கான். உங்களைக் கண்டா ஊரே நடுங்குதுன்னு அவன் காதுக்குப் போகணும். இல்லேன்னா கோட்டை நமக்கில்லை."

நார்தோவின் குற்றம் சின்னதல்ல. நோன்புக்கு முந்திய கூத்துத் திருவிழாவில் பாவாடை கட்டி, கழுதைமேல் ஏறி, ஓர்சினாவைப் போலவே நிமிஷத்துக்கொரு முறை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்தையைச் சுற்றி வந்தான். ஜன்னல் மறைவில் நின்று பார்த்த ஓர்சினா சிரித்துவிட்டாள். கணவன் இறந்தபின் அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது. நன்றி சொல்லவேண்டியவனைப் பூட்டி வைத்திருக்கிறோமே என்று மனம் அரித்தது.

தானே சிறைக்குப் போனாள்.

"குளிருதா?"

"குளிரு கெடக்கட்டும் அம்மணி. கை சும்மா கெடக்குறதுதான் தாங்கல."

அவன் குளிருக்கும் ஆச்சு, ஊர்ப் பசிக்கும் ஆச்சு என்று சிறைக்குள்ளேயே ரொட்டி அடுப்பு கட்டச் சொன்னாள். கோபுர ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கின. கீழே ஒரே கும்மாளம்.

"டேய் நார்தோ, எனக்கும் ரெண்டு நாள் வாங்கிக் குடுடா! உள்ள கதகதப்பா இருக்காமே!"

தத்தேயோ தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குப் பேரு தண்டனையா? மாப்பிள்ளை உபசாரம்!"

அந்த நேரம் பார்த்துக் கோமகனின் தூதர் மலையேறி வருவதாகச் சேதி வந்தது. தத்தேயோ கூட்டத்தை விரட்டினார். ஓர்சினா கோபுரப் படிகளில் ஓடினாள்.

"நார்தோ, அடுப்பை அணைச்சுடு!"

"ஐயோ, இப்பத்தானே மாவு உள்ள போச்சு!"

"அப்ப புகை தெரியாம மூடித் தொலை!"

ஈரச் சாக்கைப் போட்டு மூடினான். ரொட்டி கருகியது. கோபுரத்தின் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் கரும்புகை பொங்கியது.

ஊர் போயிற்று என்றே ஓர்சினா நினைத்தாள். கூடத்தில் அமர்ந்து தன்மேலேயே கோபப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஒருவனுக்குக் கதகதப்பு கொடுத்ததற்காக வருந்த அவளுக்குத் தெரியவில்லை.

தூதர் உள்ளே வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இரண்டு முழங்காலும் தரையில் மோத விழுந்தார். முன்னால் வைத்த வறுத்த கறியைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மணி இருக்கிறவரைக்கும் எங்க கோமகன் இந்தத் திசையில தலைவெச்சுப் படுக்கமாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு," என்றவர், குதிரை ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஓர்சினாவின் கண்கள் நிறைந்தன. ஊர் பிழைத்தது. இதற்கு எந்தப் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது?

வாசல்காரி பீச்சேயைக் கூப்பிட்டாள். "அவர்கிட்ட என்னடி சொன்னே?"

"நான் என்னத்தம்மா சொன்னேன்? கோபுரத்துல என்ன புகை, என்ன கருகல் வாடைன்னு கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன். 'அதுவா? எங்கம்மணியைக் கேலி பண்ணினானே ரொட்டிக்காரன் நார்தோ, அவன்தான்'னேன்."