ஒரே நூலில் ஒரு மயில்

எனக்கு வராத வேலை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், மயிலாப்பூரில் ஒரு ஸ்டவ்வும் ஒரு இட்லிக் குண்டானுமாக ஆரம்பித்து, இன்று கல்யாணச் சமையலே எடுத்து நடத்துகிறேன். (மெஸ் போர்டில் என் பெயர் என் வீட்டுக்காரர் பெயரைவிடப் பெரிது.) என்னை ஜெயித்தது ஒரே ஒரு ஜாக்கெட்தான்.

மகள் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்கூல் டீச்சர். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல், "நிச்சயதார்த்த ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் நானே போடப்போறேன் சம்பந்தி" என்றேன். அதுவரை ஆரி ஊசியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மறுநாளே தி.நகரில் மும்தாஜ் என்ற பெண் நடத்தும் ஆரி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். செல்வி வயசுதான் அவளுக்கும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை மேலே இழுத்து, வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலித் தையல் போட்டுக் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்துவிட்டது.

"இவ்ளோதானா? இதுக்கா பத்து நாள் கிளாஸ் வெச்சிக்கீற?"

"நாளைக்கு வாங்க ஆன்ட்டி. கடைசி முடிச்சு இன்னும் சொல்லித் தரல."

"போம்மா! முந்நூறு பேருக்குப் பந்தி போடுறவ நானு. ஒரு முடிச்சு தெரியாதா?"

மறுநாள் நான் போகவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து ஜாக்கெட்டின் வலது கையில் மயில் போட்டேன். மற்றவர்கள் இறகுக்கு இறகு நூலை அறுத்துப் போடுவார்களாம். நான் கொண்டையில் தொடங்கித் தோகை நுனிவரை ஒரே நூல். முடிந்ததும் கத்தரியால் வெட்டினேன், அவ்வளவுதான்.

நிச்சயதார்த்த மேடையில் மைக்கை வாங்கி, "ஒரே நூல்! நடுவுல ஒரு இடத்துலகூட அறுக்கல!" என்று அறிவித்தேன். (யாரும் என்னிடம் கேட்கவில்லை.) சம்பந்தி, செல்வியின் கையில் சந்தனம் பூச வந்தார். நோட்டில் மார்ஜின் கோணினாலே பொறுக்காதவர்.

"நூல் தொங்குதும்மா" என்று இழுத்தார்.

முதலில் தோகை போனது. நூல் நின்றிருந்தால் அவரும் நின்றிருப்பார். அது நிற்கவில்லை. அடுத்து வயிறு, பிறகு கழுத்து.

"எம்மா, இன்னாம்மா இது!" என்று செல்வி பல்லைக் கடித்தாள்.

"ஆடாத. வீடியோ எடுக்கறாங்க."

கொண்டை மட்டும் மிஞ்சியது. சம்பந்தி கையில் முட்டை அளவு நூலுண்டை. இந்தச் சம்பந்தமே போச்சு என்று நான் நிற்க, அவர் உண்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நிஜமாவே ஒரே நூல்தான் சம்பந்தி" என்றார்.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கடைசி முடிச்சையும் மும்தாஜிடம் போய்க் கற்றுக்கொண்டேன். (இப்போது அவளைவிட நன்றாகப் போடுகிறேன்.) ஆனாலும் நான் எதையாவது பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தால், மாப்பிள்ளை இரண்டு விரலால் இல்லாத நூல் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுப்பார். மெஸ்ஸில் மாவாட்டுகிறவர்வரை இப்போது இழுக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வரியைச் சம்பந்தியிடம் படித்துக் காட்டினேன். அவரும் இழுத்தார்.