வியாழக்கிழமை திறக்கும் பூட்டு

செம்பட்டியில் பஸ் நின்றால் கண்டக்டர் இப்போது ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "பூட்டுச் சித்தரெல்லாம் எறங்கு" என்கிறார். பாதி பஸ் காலியாகிறது. இறங்குபவர்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். மீதிப் பாதி அவர்களுடைய மாமியார்கள்.

சித்தரின் தொழில் எளிமையானது. கர்ப்பிணியின் பெயரில் ஒரு திண்டுக்கல் பூட்டு. உங்கள் கண் முன்னால் பூட்டுவார். சாவியை உங்கள் கண் முன்னால் உண்டியலில் போடுவார். சிமெண்ட் உண்டியல். அதைத் திறக்க வழியே கிடையாது. பூட்டு திரைக்குப் பின்னால், பூட்டம்மாவின் சிலைக்கு மேலே, கம்பியில் தொங்கும். வேளை வந்ததும் தானாகத் திறக்கும். அது திறந்தால்தான் வலி வரும், குழந்தைக்கு வழி கிடைக்கும். முன்னூறு பூட்டுகள் திறந்திருக்கின்றனவாம். ஒன்றுகூடத் தேதி தவறவில்லையாம். பேனரில் போட்டிருக்கிறது. பேனரில் போட்டால் உண்மைதானே.

பதிவு செய்யும்போது சித்தர் நான்கு கேள்விகள் கேட்பார். பெயர் என்ன, வயது என்ன, எத்தனாவது, ஆஸ்பத்திரியில் என்றைக்கு வந்து சேரச் சொன்னார்கள். நான்காவது கேள்வியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரி சொன்ன தேதியைச் சொல்வார்கள். அந்தத் தேதியில் ஆஸ்பத்திரி வலி வர மருந்து வைக்கும். அதே தேதியில் பூட்டும் திறக்கும். "சாமிக்கு எப்படித்தான் தெரிஞ்சதோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தேதி சொன்ன அதே வாயால்.

வலி வர ஒரு நாள் தாமதமானால் பூட்டில் துரு. அதற்குத் திறப்பு எண்ணெய் உண்டு. ஆபரேஷன் ஆகிவிட்டால் வீட்டில் எவனோ பீரோவைப் பூட்டி வைத்துவிட்டான். அதனால் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை வீட்டில் எதையும் பூட்டக் கூடாது. பீரோ, பெட்டி, வாசல் கதவு, எல்லாம் திறந்து கிடக்க வேண்டும். கக்கூஸ் கதவுக்குக்கூடத் தாழ் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விருந்தாளிகள் இரண்டு நாள் சத்தமாகப் பாடிக்கொண்டே உள்ளே போய் வந்தார்கள்.

என் தங்கை ஆனந்தியின் மாமியார் சோலையம்மாளும் பூட்டுப் போட்டிருந்தார். மாப்பிள்ளை சவூதியில் இருக்கிறார். வீடியோ காலில் பூட்டைக் கும்பிட்டார்.

பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் ஆனந்திக்கு வலி வரவில்லை. வியாழக்கிழமை வந்து சேருங்கள், மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை, திண்டுக்கல்லில், ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் பேச்சை மாற்றினார். பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது, இன்றைக்கே சேர வேண்டும் என்றார்.

"வியாழக்கிழமைதான்," என்றார் சோலையம்மாள். "பூட்டு இன்னும் தெறக்கல."

நர்ஸ் சைதூன் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பூட்டு?"

சோலையம்மாள் சொன்னார். சைதூன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இங்க பாருங்கம்மா. இருக்கிற தண்ணியே கொஞ்சம். நாள் போகப் போகப் புள்ளைக்குத்தான் ஆபத்து. வியாழக்கிழமை வரைக்கும் வச்சிருக்க முடியாது."

"அத்தை, இன்னிக்கே சேத்துருவோம்," என்றேன்.

"நீ சும்மா இரு தம்பி. ஆஸ்பத்திரியப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும். இந்த வராந்தாவில் எந்த ஃபேன் கிறீச்சிடும் என்று தெரியும். போன ஆவணியில் என் மனைவி வினிதாவை இங்கேதான் சேர்த்தேன். காய்ச்சல். மூன்று நாள் மந்திரித்த கயிறு கட்டி, காத்திருந்து, நான்காம் நாள் சேர்த்தேன். தனியாகத்தான் வீடு திரும்பினேன். கயிற்றைக் கட்டிவிட்டது நான்தான்.

பூட்டுக்கு வருவோம்.

"வியாழக்கிழமைன்னு சாமிகிட்ட யாரு சொன்னது?" என்று சைதூன் கேட்டார்.

"சாமியே சொன்னாரு."

கட்டிலிலிருந்து ஆனந்தி, "நீங்கதான சொன்னீங்க அத்தை? நானும் பக்கத்துலதான நின்னேன்," என்றாள்.

"நான் பேச்சுக்குச் சொன்னேன். சாமி அதுவாத் தெரிஞ்சுக்கிருச்சு."

சைதூன் சிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. "அப்ப இப்பவும் பேச்சுக்கு ஒரு போன் போட்டு, தேதி இன்னிக்கு மாறிருச்சுன்னு சொல்லுங்க."

நான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். "சாமி, சோலையம்மாள் மருமக ஆனந்தி. டாக்டரு இன்னிக்கே சேரச் சொல்லிட்டாங்க." அந்தப் பக்கம் இருமல். "செத்த நேரம் இருங்க, அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்." இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

"தெறந்திருச்சும்மா! இப்பத்தான்! டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு! என் கையெல்லாம் நடுங்குது!"

சோலையம்மாள் அழுதேவிட்டார். "பாத்தியா தம்பி! பாத்தியா!"

பார்த்தேன். ஆனந்தியை அந்த நிமிடமே சேர்த்தோம். இதுவரை பூட்டால் விளைந்த ஒரே நன்மை அது.

சைதூன் எங்களை உட்காரவைத்து நடக்கப்போவதைச் சொன்னார். முதலில் கர்ப்பப்பை வாய் இளகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இளக ஜெல் வைப்பார்கள். வைத்ததும் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பிறகு நடக்கலாம். வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பரிசோதனை. தேவைப்பட்டால் இன்னொரு தடவை ஜெல். அப்புறம் பனிக்குடத்தை உடைத்துவிட்டு, கையில் டிரிப் ஏற்றுவார்கள். அதில் வலி வேகமாக வரும். தாங்க முடியாவிட்டால் கேட்கலாம், வலி குறைய மருந்து உண்டு. குழந்தையின் துடிப்பு இறங்கினாலோ வாய் திறக்காவிட்டாலோ ஆபரேஷன்.

"அம்புட்டும் எத்தனை மணிக்கு முடியும்?" என்றார் சோலையம்மாள்.

"மொதப் பிரசவம். ஒரு நாளும் ஆகும், ரெண்டு நாளும் ஆகும். இதென்னம்மா, சுவிட்சா?"

பதினோரு மணிக்கு ஜெல் வைத்தார்கள். மதியம் ஆனந்தி இட்லி சாப்பிட்டாள், நடந்தாள், கொட்டாவி விட்டாள். மூன்று மணிக்கு இடுப்பில் லேசான இழுப்பு, அவ்வளவுதான். சோலையம்மாள் தவித்துப்போனார். திறந்த பூட்டுக்கு இந்நேரம் பேரப்பிள்ளை வந்திருக்க வேண்டாமா? துருதான். சித்தரிடம் போய்த் திறப்பு எண்ணெய் வாங்கிவர என்னை அனுப்பினார்.

கிளம்பும்போது ஆனந்தி கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு சந்தேகம். பூட்டு பூட்டியே இருக்கும்போது புள்ள பொறந்துட்டா, திரும்ப உள்ள அனுப்பிருவாங்களா?"

அதை யோசித்துக்கொண்டே ஆண்கள் வார்டுக்குப் போனேன். அங்கே சோலையம்மாளின் தம்பி தங்கமுத்து படுத்திருந்தார். லாரி டிரைவர். சிறுநீரகக் கல். தானாக வெளியே வராவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். வலியிலும் சிரித்தார். ஸ்கேன் கவரை எடுத்துக் கொடுத்தார்.

"கொண்டு போ மாப்ள. எனக்கும் ஒரு பூட்டுப் போட்டுட்டு வா."

செம்பட்டியில் நல்ல கூட்டம். எண்ணெய் வாங்கினேன். பிறகு கவரோடு வரிசையில் நின்றேன். சித்தர் நோட்டைத் திறந்தார். ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"பேரு?"

"தங்கமுத்து."

"வயசு?"

"அம்பத்தி நாலு."

பேனா நின்றது. சித்தர் என்னைப் பார்த்தார். கூட்டம் சித்தரைப் பார்த்தது. அவருக்கு வேறு வழி இல்லை.

"அம்மா குடுக்கணும்னு நெனச்சா எந்த வயசுலயும் குடுப்பா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எத்தனாவது?"

"ரெண்டாவது. மொதல்ல வந்தது நாலு வருசம் முந்தி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல, தானா வந்திருச்சு."

"பஸ் ஸ்டாண்டுலயா! கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. கட்டணக் கழிப்பறை."

பின்னால் ஒரு அம்மா, "அய்யோ, பெத்தவ பாடு!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இப்ப வலி இருக்கா?"

"உருளுறாங்க. நாளைக்குக் காலையில பத்து மணின்னு சொல்லியிருக்காங்க. தானா வரலைன்னா எடுத்துருவாங்களாம்."

ஸ்கேன் கவரை நீட்டினேன். சித்தர் அதைத் தலையில் வைத்துக் கும்பிட்டார். பிரிக்கவில்லை. கண்ணை மூடினார். "எடுக்க வேண்டியதில்ல. சுகப்பிரசவம். ஆம்பளச் சிங்கம்." பூட்டைப் பூட்டினார். சாவி உண்டியலில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஐம்பத்து நான்கு வயதில் பிரசவம் என்றால் சும்மா விடுவாரா? மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. சித்தர், பதினைந்து மாமியார்கள், செல்போனில் படம் பிடிக்க ஒரு ஆள், வெள்ளித் தட்டில் திறந்த பூட்டுகள் இரண்டு: ஆனந்தியுடையது, தங்கமுத்துவுடையது.

உள்ளே ஆனந்திக்கு இரவே இரண்டாவது ஜெல் வைத்து, விடிகாலையில் பனிக்குடம் உடைத்து, டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கொட்டாவி இல்லை. அலறல் கேட் வரைக்கும் கேட்டது. சோலையம்மாள் ஓடிவந்து சித்தர் காலில் விழுந்தார்.

சித்தர் படம் பிடிப்பவரைப் பார்த்துத் தட்டை உயர்த்தினார். "இப்ப, இந்த நிமிசம், தங்கமுத்துங்கிற தாய்க்கு, அம்பத்தி நாலு வயசுல, ஆம்பளச் சிங்கம் பொறந்திருக்கு! அந்தத் தாயைக் கூப்புடுங்க!"

"வந்துட்டேன் சாமி," என்று தங்கமுத்து வந்தார். கட்டம் போட்ட கைலி, முறுக்கு மீசை, கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா.

"நீ யாருப்பா?"

"நான்தான் தாய். காலையில அஞ்சு மணிக்கே பொறந்திருச்சு சாமி. சுகப்பிரசவம். ஆறு மில்லிமீட்டரு." டப்பாவைக் குலுக்கினார். உள்ளே கடகடத்தது. "சிங்கம் கர்ஜிக்குது பாருங்க."

வேனுக்குள் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். படம் பிடித்தவர் கை குலுங்கியது. சோலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏலே, நீ கேலி பண்ணிக் கேட்டா அம்மா இப்படித்தான் சோதிப்பா. எம் மருமக பூட்டு நெசம்."

நான் தட்டிலிருந்து ஆனந்தியின் பூட்டை எடுத்தேன். அழுத்தினேன். டொக்.

"அடப்பாவி!" சித்தர் அலறினார். "வழிய அடச்சிட்டியே! இனிப் புள்ள வெளிய வராது!"

அதே நேரம் உள்ளிருந்து ஆனந்தியின் அலறல். சோலையம்மாள் எழுந்தார். சித்தரின் காவித் துண்டைக் கழுத்தோடு பிடித்தார்.

"தெறங்க சாமி!"

"சாவி உண்டியல்லல்ல கெடக்கு? அதுக்கு ஒரு பூசை..."

"எம் மருமக உசுருக்குப் போராடுறா. பூசையாம்ல பூசை! தெறடா!"

துண்டு இறுகியது. சித்தரின் கண் பிதுங்கியது. கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு சாவியை எடுத்தது. திறந்தது.

படம் பிடிப்பவர் செல்போனைச் சாவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

சோலையம்மாள் துண்டை விட்டார். "சாவி உண்டியல்ல கெடக்குன்னீங்க?" என்றார், மெதுவாக. சித்தர் கையிலிருந்து சாவியை வாங்கினார். தங்கமுத்துவின் பூட்டைப் பூட்டி, அதே சாவியைப் போட்டார். அதுவும் திறந்தது. வேனிலிருந்து ஒரு மாமியார் இறங்கினார். "அப்ப எம் மருமக பூட்டுக்கும் இதே சாவிதானா?" இன்னொருவர் செருப்பைக் கழற்றினார். சித்தர் வேனை விட்டுவிட்டு ஓடினார். செம்பட்டிப் பக்கம்கூட இல்லை. எதிர்ப் பக்கம்.

சோலையம்மாள் அதைப் பார்க்கவில்லை. ஆனந்தியின் பூட்டைத் தன் கையாலேயே பூட்டினார். சாவியைக் கேட் ஓரச் சாக்கடையில் எறிந்தார். வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பூட்டு மடியில் இருந்தது.

"பூட்டித்தான் இருக்கு. என் பேரப்புள்ள வருதா இல்லையான்னு பாக்குறேன்."

நாற்பது நிமிடம். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் கிறீச்சிட்டது. உள்ளே ஒரு பெரிய அலறல். பிறகு ஒரு சின்ன அழுகை.

சைதூன் துணிச்சுருளோடு வந்தார். "பொண்ணு. ரெண்டு கிலோ எண்ணூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சோலையம்மாள் முதலில் பூட்டைத்தான் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. அப்புறம்தான் பேத்தியை வாங்கினார்.

ஆனந்தியைப் பார்க்கப் போனேன். "பூட்டு?" என்றாள்.

"பூட்டியிருக்கு."

"சிரிக்க வைக்காதண்ணே. தையல் வலிக்குது."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. பூட்டைக் கடித்துத்தான் முளைத்தது. அது இன்னும் திறக்கவில்லை. சித்தர் இப்போது ஆயக்குடிப் பக்கம் கொய்யாப்பழம் மந்திரித்துக் கொடுக்கிறாராம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு. அங்கேயும் நான்கு கேள்விகள் கேட்கிறாராம். கடைசிக் கேள்வி, போன பரீட்சையில் எவ்வளவு மார்க்.

உங்கள் தேதியை உங்களுக்கே ஒருவர் சொல்லும்போது, அவருக்கு அதை யார் சொன்னது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிரசவத்துக்கு ஜெல் இருக்கிறது, டிரிப் இருக்கிறது. யோசனை வர எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து வைக்க மாட்டார்கள். அந்த வலி உங்களுக்குத் தானாகத்தான் வர வேண்டும். தேதி தாண்டி ரொம்ப நாள் ஆகிவிட்டது.