கல்தோள் காளி செத்த பக்கம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமே இல்லை. திண்டுக்கல்லில் இரண்டு இரும்புக் கடை, ஓட்டத்தில் மூன்று லாரி, என்னிடம் சம்பளம் வாங்கும் பட்டதாரிகள் நாலு பேர். வெட்கம் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை எட்டாம் வகுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அதன் பலனைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுருட்டுக் கொட்டகையில் வேலை. இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து புகையிலை உருட்டுவோம். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா கிடக்கும். அதனால் எங்களில் ஒருவர் உருட்டாமல் கதைப் புத்தகம் வாசிப்பார். அவர் பங்குச் சுருட்டை மற்றவர்கள் சேர்ந்து உருட்டிக் கொடுத்துவிடுவோம். வாசிப்பவர் சவரிமுத்து அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைப் போலவே ஒண்டிக்கட்டை, ஆனால் நிஜமாகவே எட்டாவது முடித்தவர். (அதட்ட வரும் கங்காணியே வாசலில் நின்று கேட்டுவிட்டு, அத்தியாயம் முடிந்த பிறகுதான் அதட்டுவார்.)

அவர் வாசித்ததில் என்னைப் பைத்தியமாக அடித்தது 'எரிமலைக் கோட்டையில் மூவர்'. காற்றை முந்தி ஓடும் புயல்மாறன், மலையைத் தோளில் தாங்கும் கல்தோள் காளி, நிழல் கண்ட இடத்தில் மறைந்துபோகும் நிழலரசி. மூன்று பேருக்கும் அதுவரை தனித்தனிப் புத்தகம்தான் வந்துகொண்டிருந்தது. மூவரும் ஒரே கதைக்குள் வருகிறார்கள் என்றதும் கொட்டகையில் ஒருவருக்கும் சுருட்டு ஓடவில்லை. வந்தவர்கள் உடனே கைகோத்துக் கொண்டார்களா? இல்லை! யார் பெரியவர் என்று ஐந்து அத்தியாயம் அடித்துக்கொண்டார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. மாறனுக்கு ஓட ஆரம்பித்தால் நிற்கத் தெரியாது. காளிக்கு நின்றால் நகரத் தெரியாது. நிழலரசிக்கு உச்சி வெயிலில் ஒன்றுமே நடக்காது. ஒருத்தர் ஓட்டையை இன்னொருத்தர் அடைக்கிறார். முடிவில் எரிமலை பொங்கும்போது காளி கோட்டைக் கதவைத் தோளில் தாங்கி, மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளேயே செத்துப்போவான். அன்றைக்கு இருபது பேரும் மூக்கைச் சிந்தினோம். (புகையிலை நெடி என்று சொல்லிக்கொண்டோம்.) நான் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வரிக்கு வரி மனப்பாடம்.

இந்தச் சமயத்தில்தான் ஆரோக்கியம் வாத்தியார் மகள் மரியபுஷ்பத்தை எனக்குப் பேசினார்கள். பூசையில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்ததற்கே அந்த வாரம் முழுக்க என் சுருட்டு கோணலாக வந்தது. வாத்தியார் கேட்டு அனுப்பியது ஒரே கேள்வி: மாப்பிள்ளை என்ன படிப்பு? "எட்டாவது. எந்நேரமும் புத்தகமும் கையுமாத்தான் இருப்பாப்லன்னு சொல்லுங்க" என்று தரகரிடம் நானே சொல்லி அனுப்பினேன்.

பதில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் வாத்தியாருடைய படிப்பகத்தில், எனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி நான் பேச வேண்டும். பேச்சு திருப்தியாக இருந்தால் அங்கேயே நாள் குறித்துவிடலாம். எந்தப் புத்தகம் என்பதையும் கையோடு கேட்டிருந்தார். நானும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் சவரிமுத்து அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"ஏலே அந்தோணி, அது வேணாம்டா. வேற ஏதாச்சும் பேசு."

"ஏண்ணே?"

"சொன்னாக் கேளுலே. பைபிள்லருந்து பேசேன்."

"வாத்தியார்ட்டயே பைபிளா? மாட்டிக்கிருவேன்ணே. இதுன்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கங்காணி வந்துவிட்டார். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. படிப்பகத்தில் முப்பது பேர். முன் பெஞ்சில் வாத்தியார், பக்கத்தில் மரியபுஷ்பம். கடைசி பெஞ்சில் சவரிமுத்து அண்ணன், வேர்த்துக்கொண்டு. நான் எழுந்தேன். தட்டுத் தடுமாறியது முதல் இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு பாருங்கள்! மாறன் ஓடியபோது ஜன்னல் பக்கம் ஓடினேன். காளி தாங்கியபோது புத்தக அலமாரியையே தாங்கினேன். கதவடியில் காளி சாகும் இடத்தில் ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். முடித்தபோது கைதட்டல். நாள் குறித்தாயிற்று என்றே முடிவுகட்டினேன்.

மரியபுஷ்பம் மட்டும் தட்டவில்லை. என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பா காதில் ஏதோ சொன்னாள்.

வாத்தியார் எழுந்து வந்தார். கையில் ஒரு புத்தகம். அட்டையில் மூவரும் நின்றார்கள்.

"அருமை தம்பி. அந்தக் காளி சாகுற இடம் இருக்கே, அதைச் செத்த நேரம் வாசிச்சுக் காட்டுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

எனக்கு எழுத்துக்கூட்டி மூன்று சொல் வாசிக்க அரை மணி நேரம் வேண்டும், அதுவும் கடைப் பலகை என்றால்தான். அச்செழுத்து எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. வாசலுக்கும் எனக்கும் நடுவே முப்பது பேர். சவரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் கும்பிடுகிற மாதிரி கையை வைத்து, தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். என்ன அர்த்தம் என்று புரியவில்லை.

சாவு கடைசியில்தானே வரும் என்று கடைசிப் பக்கத்தை விரித்தேன். கர்த்தர் கைவிடவில்லை! அந்தப் பக்கத்தில் நீளமாகக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் படம். நிழலரசிதான், காளிக்காக அழுகிறாள்! தைரியம் வந்தது. பக்கத்தின் மேல் விரலை ஓட்டியபடி மனப்பாடமாக ஆரம்பித்தேன். "எரிமலை உறுமியது. காளியின் தோள் எலும்புகள் முறியும் ஓசை..." ஆறேழு நிமிடம் ஆற்றொழுக்காக வாசித்தேன். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் மூக்குப்பொடி வாசனை. வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தப் பக்கம் தம்பி?"

"கடைசிப் பக்கம்ங்க ஐயா."

"இதுல கூந்தல் தைல வெளம்பரம்ல போட்டிருக்கு."

மரியபுஷ்பம் எழுந்தாள்.

"அப்பா, நான் ராத்திரி முழுசா வாசிச்சேன். அதுல காளி சாகவே இல்லப்பா. போலீஸ் வந்துருது. மூணு பேரும் ஜீப்புல ஏறிப் போயிருறாங்க."

எனக்கு என் அவமானம்கூட மறந்துபோனது. காளி சாகவில்லையா? ஜீப்பா?

அப்போது கடைசி பெஞ்ச் நகர்ந்தது. சவரிமுத்து அண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, மன்னிச்சுக்கிருங்க. நாங்க வாங்குன புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் இல்லீங்க. பைண்டிங்லயே விட்டுப்போச்சு. இருபது பேரு வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கான், முடிவு இல்லைன்னு எப்படிங்க சொல்றது? நானாக் கட்டிவிட்டேன். இவன்ட்ட சொல்லத்தான் பாத்தேன்..."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எட்டாவது எந்த ஸ்கூல்ல?"

நான் கூந்தல் தைலப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். நாள் குறிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசியது மரியபுஷ்பம். "அப்பா, அம்புட்டும் அவராவே கட்டினதாமே. காளி செத்த பிறகு மத்த ரெண்டு பேரும் என்ன ஆனாங்கன்னு கேளுங்க."

சவரிமுத்து அண்ணன் முன்னால் வந்தார். எங்களுக்குக்கூடச் சொல்லாத ஒரு பாகத்தை அங்கேயே நின்று சொன்னார். அவள் கண் இமைக்காமல் கேட்டாள். அவள் கண்ணில் ஜோடிக் குத்துவிளக்கு எரிந்ததை, ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து நானும் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து கோயில் பூசையில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்: சவரிமுத்துவுக்கும் மரியபுஷ்பத்துக்கும். அதையும் நான் வழக்கம்போல அடுத்தவர் வாசிக்கக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வீம்பில்தான் சரளமாக வாசிக்கப் பழகினேன். ஒரு வருஷம் ஆயிற்று. முதலில் வாசித்தது அந்தப் பதினாறு பக்கம். அவ்வளவு சப்பையான முடிவை நான் கண்டதில்லை. அத்தனை பெரிய மூன்று பேரைக் கூட்டிவந்து ஜீப்பில் ஏற்றி அனுப்பலாமா?

பிறகு எனக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகளிடம் நான் முன்னேறிய கதையை எடுத்தாலே, "எந்தப் பக்கம்னு கேளுங்கடா" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். கிறிஸ்துமஸுக்கு சவரிமுத்து அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பிரியாணிக்கு இலை விரித்ததும் மரியபுஷ்பம் ஆரம்பிப்பாள்.

"அண்ணே, காளி செத்தானா, இருக்கானா?"

"செத்துட்டான் தங்கச்சி. புத்தகத்துலதான் தப்பாப் போட்டுட்டாய்ங்க."

பந்தி முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வதில்லை.