வீரமலை படிக்க ஆரம்பித்த விவரம்

திருவானைக்காவல்,
12-6-1961

அன்புள்ள மாப்பிள்ளை சின்னையா அவர்களுக்குப் பிச்சைமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா பவுனம்மாளும் சௌக்கியம். துறையூரில் தங்கள் வீட்டார் அனைவரின் சௌக்கியத்துக்கும் ஜம்புகேஸ்வரரிடம் விண்ணப்பித்திருக்கிறேன்.

நிற்க. காலேஜில் சேர்ந்த உங்கள் பையன் புத்தகத்தைத் தொடுவதில்லை, எங்கள் வீரமலையை எப்படி வழிக்குக் கொண்டுவந்தோம் என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பி.ஏ. முதல் வருஷம் ஹாஸ்டலில் விட்டேன், சீட்டாடினான். வீட்டுக்குக் கூட்டிவந்தேன், தூங்கினான். ஜோசியர் சொன்னாரென்று நாற்காலியை வடக்கே பார்த்துப் போட்டேன். கொள்ளிடத்துக் காற்று முகத்தில் அடித்து இன்னும் நன்றாகத் தூங்கினான். கடைசியில் ஆபீசுக்கு லீவு போட்டு, கூடவே பஸ்ஸில் போய்க் காலேஜ் வாசலில் ஒரு வாரம் காவல் நின்றேன். பின்பக்கமும் ஒரு வாசல் உண்டென்று எட்டாம் நாள்தான் தெரிந்தது. உங்கள் அக்கா, "அவனைப் படிக்க வைக்கிறேன்னு நீங்க வேலையை விட்டுடாதீங்க" என்றாள். அதோடு கைவிட்டேன்.

போன ஆடி மாசம் பயல் தானாகவே விடிந்ததும் புத்தகத்தோடு கிளம்ப ஆரம்பித்தான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருநாள் பின்னாலேயே போனேன். காலேஜ் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பையனுக்குச் சரித்திரப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கூடப் படிக்கிற சவரிராயன். சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டதாம். யாராவது வாசிக்கக் கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

"நில்லுடா. முன்ன வாசிச்சதோட இது ஒட்டலையே. ஒரு பக்கத்தை முழுங்கிட்டியா?"

"அது முக்கியமில்லடா."

"கேட்டுட்டு நான் முடிவு பண்றேன். வாசி."

மாப்பிள்ளை, என் மகன் தாண்டிய பக்கத்துக்கே திரும்பிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் கேட்டேன். "எனக்காகன்னா மூடி வச்சிருவேம்ப்பா. அவன் வந்து காத்துக்கிட்டு இருப்பானே" என்றான். பத்தொன்பது வருஷமாக மிரட்டியிருக்கிறேன், ஒரு காரியத்துக்காவது அவனை நம்பியிருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஆகவே தங்கள் பையனுக்கு மிரட்டலும் வேண்டாம், காவலும் வேண்டாம். யாராவது அவனை நம்பியிருக்கும்படி செய்யுங்கள், போதும். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீரமலை எல்லாப் பாடத்திலும் தேறுவான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

குழந்தைகள் நோய்நொடியில்லாமல் இருக்க அக்காவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ரிசல்ட் வந்துவிட்டது. சவரிராயன் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். வீரமலைக்குச் சரித்திரத்தில் நல்ல மார்க், இங்கிலீஷ் போய்விட்டது, செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். ஏண்டா என்றால், இங்கிலீஷைச் சவரிராயனுக்கு வேறொருவர் வாசிக்கிறாராம், அதனால் இவன் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லையாம். எனவே மேலே சொன்ன யோசனையை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். சவரிராயன் இப்போது எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான். "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா மறந்துபோச்சுங்கய்யா. செப்டம்பர் வரைக்கும் வீரமலை வாசிச்சாத்தான் ஞாபகம் வரும்" என்கிறான். ஒரு தடவை கேட்டதை மறக்காத பிள்ளை. நான் தலையாட்டினேன். அது அவனுக்குத் தெரியாதே என்று தோன்றியதும், "சரி தம்பி" என்றேன்.