வயிற்றுக்குள் வந்த தீயணைப்புப் படை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, ஃபேன் சத்தத்துல என் குரல் எட்டாது. நம்ம நெய்வேலியில தனகோடின்னு ஒருத்தர், பொறக்காத பிள்ளையோட மூச்சுக்காகப் பட்ட பாட்டைச் சொல்றேன்.

தனகோடிக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. மனைவி மணிமொழிக்கு ஆறாம் மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில் அவள் சத்து மாத்திரை வாங்கப் போயிருந்தாள். டாக்டரம்மா இவரிடம் உற்சாகமாகச் சொன்னார்:

"வயித்துப் பிள்ளையோட நுரையீரல்ல எதிர்ப்புச் செல்லுங்க இப்பவே வந்து இறங்கியிருக்கும். கிருமியோட சண்டை போடுற அதே செல்லுங்கதான்."

அதற்குமேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கரிக் குவியலோரம் தீயணைப்பு வண்டி வந்து நின்றால், உள்ளே எங்கேயோ புகைகிறது என்றுதான் பத்து வருஷமாக அவருக்கு அர்த்தம். பிள்ளைக்குள் என்ன புகைகிறது? தான் சட்டையில் கொண்டுவரும் கரித்தூசிதான்.

சொன்னால் மணிமொழி பயந்துவிடுவாள். அதனால் வாய் திறக்காமல், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே துணியோடு குளித்தார். சளி பிடித்தது. தும்மல் பிள்ளைக்கு ஆகாதென்று வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டார். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டார். கட்டிலை வராண்டாவுக்கு இழுத்தார். பனியில் சளி இருமலாகிவிட்டது.

"இன்னாங்க, கிட்டவே வர மாட்டேன்றீங்க?"

"சும்மாதான். நீ தள்ளியே நில்லு."

"எதையோ மறைக்கிறீங்க."

"ஒண்ணுமில்லன்றேன்ல. இட்லிய அங்கயே வச்சிட்டுப் போ."

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் எட்டிப் பார்த்தார். "சண்டையா தம்பி? கட்டில் வெளிய வந்துடுச்சே."

"காத்துக்காகங்க" என்றார், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே.

அடுத்த செக்கப்பில் மணிமொழி சீட்டு வாங்கப் போனதும், தனகோடி டாக்டரம்மாவிடம் ஓடினார். "புள்ளைக்கு உள்ள இன்னும் புகையுதாம்மா?"

முழுக் கதையும் கேட்ட டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அன்னிக்கே சொன்னேனே. அதுங்க சண்டைக்கு வரலை. நுரையீரல் வளர ஒத்தாசை பண்ணுதுங்க. நெருப்பே இல்லாத எடத்துல உங்க தீயணைப்புக்காரங்க கல்லெடுத்துக் கொடுத்து வூடு கட்டுற மாதிரி."

பதினைந்து நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டபடி வெளியே வந்தார். நர்ஸ் சண்முகப்பிரியா எக்ஸ்ரே சீட்டோடு நின்றிருந்தாள்.

"தனகோடி நீங்கதானே? சட்டையக் கழட்டிட்டு எக்ஸ்ரே ரூமுக்கு வாங்கண்ணே. உங்களுக்கு நெஞ்சுல ஏதோ பெரிய வியாதி, சொல்லாம மறைக்கிறீங்கன்னு மணிமொழி அக்கா நாலு நாளா இங்க வந்து அழுதுட்டுப் போறாங்க."

உங்க வூட்டுலயும் ஒருத்தருக்காக ஒருத்தர் பயப்பட ஆளு இருக்கட்டும் கண்ணுங்களா. பயந்தது மட்டும் ஒண்ணுமில்லாம போகட்டும்.