இன்னும் பத்தாயிரம் ஓடும்

டயரை உதைத்துப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயணம் கிளம்புகிற காலையில், ஒரு கையில் காபி டம்ளரோடு காரைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்பும் நிற்பார்கள். செருப்புக் காலால் பொத்தென்று ஓர் உதை விடுவார்கள். காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார்கள். பிறகு நாடி பிடித்த டாக்டரைப் போலத் தலையை ஆட்டி, "இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் என்ன கேட்டது? கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதுவும் ஏன் எப்போதும் பத்தாயிரம்? எட்டாயிரம் கிலோமீட்டர்தான் தாங்குவேன் என்று எந்த டயரும் இவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.

இவர்களைக் கஞ்சர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சீட் கவர் மாற்றுவார்கள், பாட்டுப் பெட்டி மாற்றுவார்கள், கண்ணாடிக்கு முன்னால் மல்லிகை வாசனை டப்பா வைப்பார்கள், கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை வாங்கிப் போடுவார்கள். காரில் தரையைத் தொடுகிற சாமான் நாலே நாலு. அந்த நாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுவார்கள்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் எரிக், பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், இந்த இனத்தில் முதல் வரிசைக்காரர். அவர் கார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும், புதன்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும், மற்ற நாட்களில் உறை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கும். சனிக்கிழமை அதற்குக் குளியல். குளிப்பாட்டி முடித்ததும் மனிதர் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான்கு டயருக்கும் பிரஷ்ஷால் கறுப்புப் பாலிஷ் பூசுவார். பாருங்கள், எவ்வளவு பளபளப்பு! பக்கவாட்டில் ஓடிய விரிசல் எல்லாம் மாயமாக மறைந்துவிடும். எரிக் தலைக்கும் டை அடிப்பவர். இரண்டுக்கும் வயது குறைந்துவிட்டதாகவே அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

இப்படி இருக்கையில் போன ஆகஸ்டில், அவர் மனைவி ஐரின் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டியதாயிற்று. தங்கைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தார். முடிந்துவிட்டது. ரயிலில் போகலாம் என்றார் ஐரின். வீட்டில் கார் இருக்கும்போது ரயிலா என்று எரிக்குக்கு மானமே போய்விட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் காற்றுப் பிடிக்கப் போனார். பேச்சுத்துணைக்கு நானும் போனேன்.

பஞ்சர் கடை நாகேஷ் குனிந்து டயரைப் பார்த்தார். துணியை எடுத்துப் பாலிஷைத் துடைத்தார். உள்ளே வறண்ட ஏரித் தரை மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"சார், இங்க நாலு நம்பர் இருக்குது பாருங்க. இருபத்திரண்டு, பதினஞ்சு. பதினஞ்சாம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம் செஞ்ச டயர். பத்து வருஷம் தாண்டிடுச்சு. ரப்பர் செத்துப்போச்சு சார். மார்க்கெட்டுக்கு வேணா போங்க. ஹைவேல ஏத்தாதீங்க."

"என்னா மேன் பேசற? மொத்தமே இருபதாயிரம்கூட ஓடல. பட்டனப் பாரு, அப்படியே புதுசாட்டம் கீது!" பட்டன் என்றால் டயரின் மேல் இருக்கும் மேடுபள்ளம். அது நிஜமாகவே புதிதாகத்தான் இருந்தது.

"ஓடினாத்தான் சார் பட்டன் தேயும். ரப்பருக்கு சும்மா நின்னாலும் வயசாவும்."

"எனக்குந்தான் வயசாச்சு. நான் ஓடல?"

"நீங்க நூறு ஸ்பீடுல ஓடறதில்லையே சார்."

எரிக் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க." எனக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றேன். காற்று மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுநாள் மத்தியானம், கிருஷ்ணகிரி தாண்டி, தார் கொதிக்கிற வெயிலில், நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்க இடது டயர் வெடித்தது. இந்த மாதிரி நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விட வேண்டும் என்பார்கள். எரிக் ஏறி நின்று மிதித்தார். கார் ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதி, சுற்றி, வந்த வழியே பெங்களூரைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த லாரி இரண்டு கை தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. பெல்ட் அழுத்தியதில் ஐரினுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த பெல்ட் மட்டும் இல்லையென்றால், நான் இதைச் சிரிப்பாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். செய்தி கேட்டதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

எரிக்குக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேக்கும் கதையும் கொடுத்தார். கையில் தூளி கட்டி சோபாவில் உட்கார்ந்திருந்த ஐரின்தான் கதைக்குச் சாட்சி. முதல் நாள் வேகம் நூற்றுப்பத்து. மூன்றாம் நாள் தொண்ணூறு. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து கூட்டமாக வந்தவர்களிடம் எழுபது. பிரேக் மிதித்த கதை இரண்டாம் நாளே காணாமல் போயிற்று. அதற்குப் பதிலாக ஓர் ஆணி வந்து சேர்ந்தது. "எவனோ ரோட்டுல ஆணியப் போட்டிருக்கான், மேன்! நான் கன்ட்ரோல் பண்ணதால தப்பிச்சோம்!" ஆணி முதலில் ஓர் அங்குலம் இருந்தது. நான் கடைசியாகக் கேட்டபோது விரல் நீளம் வளர்ந்திருந்தது. ஐரின் கேக்கை ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துக் கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. ஐரின் தூளிக் கையோடு இறங்கிப் போய்ச் சுற்றி வந்து பார்த்தார். புது டயர் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

"மத்த மூணு?"

"அதுங்களுக்கு என்னா? கல்லாட்டம் கீது." பொத்தென்று ஓர் உதை. "இன்னும் பத்தாயிரம் ஓடும்."

"நாலும் ஒரே காரோட வந்ததுதானே எரிக்?"

"வெடிச்சது ஆணியால, டார்லிங்."

ஐரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடம் மேல்வீட்டில் இருந்தும் ஐரின் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "சரி. நீங்க தனியா ஓட்டுங்க. அந்தப் பத்தாயிரமும் முடிஞ்சப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், நேர்ச்சை பாக்கியிருக்கிறதே, ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது, பக்கத்து சீட்டில் உட்காருபவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் ஓரக்கண்ணால் கவனியுங்கள். பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்தால் பிழைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தால், வீட்டில் பக்தி பெருகிவிட்டது என்று பூரித்துப்போகாதீர்கள். அவர் உங்கள் டயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார்.