ஹில்டாவைப் பங்கு வைத்த கதை

நாட்டின் முன்னேற்றத்துக்குக் கல்வியும், கல்விக்குக் கடனும், கடனுக்கு வங்கியும், வங்கிக்கு ஒரு மேலாளரும் இன்றியமையாதவை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தூத்துக்குடியில் அந்த மேலாளர் செந்தில்முருகன் என்ற பெயரில் ஏசி அறைக்குள் வீற்றிருந்தார். எதிரே திரேஸ்புரத்து மீன்பிடி வள்ளக்காரர் இனிகோவும் அவர் மகள் ஹில்டாவும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்டாவுக்கு ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். வேறு படிப்பு எதையும் அவள் நினைத்தே பார்த்ததில்லை.

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். “உள்ளூர் ஆஸ்பத்திரியில நர்சுக்கு மாசம் பதிமூணாயிரம். நம்ம தவணை பத்தாயிரம். மிச்சத்துல இந்தப் பொண்ணு எப்படிச் சாப்பிடும்? பட்டினி கிடக்கிற நர்சை வங்கி உருவாக்கிச்சுன்னு பேர் வந்துரக் கூடாது பாருங்க.”

“வெளிநாடு போனா லட்சத்துல சம்பளம்னு சொல்லுதாங்களே சார்?” என்றாள் ஹில்டா.

“ரொம்பச் சரி. விசாவைக் கொண்டு வாம்மா, இன்னைக்கே பாஸ் பண்ணுதேன்.”

“படிச்சு முடிச்சாத்தான சார் விசா?”

“அப்போ படிச்சு முடிச்சுட்டு வா. படிக்கக் கடன் தாரேன்.”

இனிகோவுக்கு இந்த அறை புதிதல்ல. போன வருஷம் இங்கேதான் வள்ளத்துக்குக் கடன் வாங்கினார். “வள்ளத்துக்குக் குடுக்கும்போது மீன் எங்கன கெடக்குன்னு நீங்க கேக்கலையே சார்?”

“வள்ளம் கண்ணுக்குத் தெரியுற சொத்து. தவணை நின்னா இழுத்துட்டு வந்து ஏலம் போடலாம். உங்க மகளை என்ன செய்ய?”

இனிகோவுக்கு இந்த வாதம் நியாயமாகவே பட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் தன் மகளை ஒரு வள்ளமாகப் பார்க்கப் பழகிவிட்டார்.

கடலுக்குப் போய் வந்தால் டீசல் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பது திரேஸ்புரத்து வழக்கம். வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரியும். இனிகோ சாயங்காலமே சொந்தபந்தங்களைக் கூட்டினார். எல்லோரும் பணம் போட்டு ஹில்டாவைப் படிக்க வைப்பது, அவள் நர்சானதும் சம்பளத்தைப் பங்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. சித்தப்பா ஜெனோ வலைப் பங்கு எடுத்தார். எந்த வலை என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்து ஐஸ் பங்கு எடுத்தாள். மீன் ஏலக்காரர் அற்புதமணி பெரிய தொகையோடு வந்தார்.

“வள்ளத்துக்கு முன்பணம் தந்தா மீனை எங்கிட்டதான போடுதீங்க? அதே மாதிரி பிள்ளை சம்பளம் மொதல்ல எங்கிட்ட வரணும். என் கமிசனைக் கழிச்சுட்டு மிச்சத்தைத் தாரேன்.”

“அது மொறதான அண்ணாச்சி,” என்றார் இனிகோ.

அடுத்து, ஹில்டாவை எந்தக் கடலில் இறக்குவது என்ற விவாதம். ஜெனோ குவைத் என்றார். பெரியம்மா ஜெர்மனியை விட்டு இறங்கவில்லை. தெருவுக்குத் தெரு ஜெர்மன் வகுப்பு நடக்கிறது, டீக்கடையில்கூட ‘டாங்கே’ என்று நன்றி சொல்லுகிறார்கள், நம் பிள்ளை மட்டும் இளப்பமா என்பது அவள் கேள்வி.

“எனக்கு என்ன பங்கு?” என்றாள் ஹில்டா.

“அதான் வள்ளப் பங்கு இருக்குல்லா,” என்றார் ஜெனோ.

“வள்ளப் பங்கு வள்ளக்காரனுக்குலே,” என்றார் இனிகோ, கொஞ்சம் கூச்சத்தோடு. “வள்ளத்துக்கு நம்ம டீசல் போடுவோம்.”

ஹில்டாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

சேர்ந்த பணம் முதல் வருஷத்துக்கே போதவில்லை. ஆனாலும் அற்புதமணி பங்கு போட்ட செய்தி வங்கிக்கு எட்டிவிட்டது. அவர் அந்த வங்கியில் பெரிய டெபாசிட்காரர். சனிக்கிழமை செந்தில்முருகனே திரேஸ்புரத்துக்கு எழுந்தருளினார். ஹில்டாவை மேலும் கீழும் பார்த்து, ‘சொத்து நல்ல நிலையில் உள்ளது’ என்று குறித்துக்கொண்டார். பயனாளி, பங்குதாரர்கள், தொழிலிடம் மூன்றும் அடங்கிய புகைப்படம் தலைமை அலுவலகத்துக்கு வேண்டுமாம். தொழிலிடம் ஜெர்மனியில் இருந்ததால், தற்காலிக ஏற்பாடாகக் கடலைப் பின்னால் வைத்து எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். பெரியம்மா படத்துக்குள் அடங்கவில்லை. மேலாளர் செல்போனைப் பிடித்தபடி பின்னால் போனார், இன்னும் கொஞ்சம் போனார், யாரோ வெட்டிப் போட்டிருந்த திருக்கை மீனின் முள் வாலை மிதித்தார்.

திருக்கை முள் ஏறினால் மேலாளரும் அம்மா என்றுதான் கத்துவார். பங்குதாரர்கள் அத்தனை பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் முள்ளை எடுத்துவிட்டு, வலிக்குக் காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார். அங்கே அத்தனை கட்டிலுக்கும் ஷீஜா என்ற ஒரே நர்ஸ் பறந்துகொண்டிருந்தாள்.

“வேற நர்சே இல்லையாம்மா?” என்று முனகினார் செந்தில்முருகன்.

“எல்லாரும் கத்தார் போயிட்டாங்க சார். நான் அடுத்த மாசம் ஜெர்மனி போறேன்.”

“இங்கேயே இருந்தா என்ன?”

“சம்பளம் பதிமூணாயிரம். தவணை பத்தாயிரம். உங்க பேங்க்லதான் சார்.”

மேலாளருக்கு ஊர்ப்பற்று பொங்கியது. நம் பிள்ளைகள் நம் ஊருக்கு உதவ வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

“அப்போ ஹில்டா படிச்சுட்டு இங்கேயே வேலை பார்க்கட்டுமே?”

பெரியம்மா வெறுங்கழுத்தைத் தடவினாள்.

“பதிமூணாயிரத்தைப் பங்கு வச்சா ஆளுக்கு என்ன சார் தேறும்?” என்றார் அற்புதமணி. “இங்கன வேற யார் பிள்ளையாவது பார்க்கட்டும்.”

செந்தில்முருகன் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அற்புதமணி சொன்னதுதான் சரி. காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடியே கடனுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். வெளிநாடு செல்வது கட்டாயம் என்று நிபந்தனையும் சேர்த்தார். ஹில்டாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அப்பாவும் மகளும் காகிதத்தோடு கல்லூரிக்கு ஓடினார்கள். பங்குதாரர்கள் டீ குடிக்கப் போனார்கள். ஷீஜா ஷிப்ட் முடிந்து ஜெர்மன் வகுப்புக்குக் கிளம்பினாள். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை.

“தண்ணி ஆறிப்போச்சு, யாராவது வாங்கம்மா,” என்று கூப்பிட்டார் மேலாளர். வலி மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

பக்கத்துக் கட்டில் பெரியவர் போர்வையை விலக்கினார். “நானும் மத்தியானத்துல இருந்து கூப்பிடுதேன் சார். என் மவளும் நர்சுதான். லண்டன்ல இருக்கா.”